ஏற்றிவிட்ட புண்ணியம்

பலெர்மோ நகரத்தை விட்டு பஸ் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் ஸ்ரனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவனுடைய பங்குச் சனம் இரண்டு மூன்று பேர் வெளியே நடந்துபோனார்கள். பார்த்துவிட்டால் மானம் போய்விடும்.

"இத்தாலியிலை தங்க பெர்மெசோ மட்டும் கிடைக்கட்டும், வெறுங்காலோடை நடந்தே வாறன்" என்று மலை உச்சிக் குகைக்கோயில் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தவன் அவன். தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில் பெர்மெசோ வந்தது. முதல் மாதம் மழை, அடுத்த மாதம் வேலை, இந்த மாதம் முழங்கால் நோ. கடைசியில் சப்பாத்தும் போட்டு, சீற்றும் பிடித்து, பஸ்ஸில் போகிறான். நெஞ்சு குறுகுறுத்தது.

மூன்றாவது வளைவில் அவளைக் கண்டான். தமிழ்ப் பெண், ஐம்பது வயதிருக்கும். இரண்டு செருப்பையும் கையில் பிடித்தபடி கொதிக்கிற தார் றோட்டில் தனியே நடந்துகொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, பொட்டு. சைவக்காரிக்கு எங்கள் புனிதையிடம் என்ன நேர்த்தி இருக்கப்போகிறது? பாவம், செருப்பு அறுந்து, பஸ்ஸையும் தவறவிட்டிருப்பாள் என்று முடிவு கட்டினான்.

தான் நடக்காவிட்டால் என்ன, நடந்து களைத்த ஒருத்தியை ஏற்றிவிட்டால் புனிதை மனம் இரங்க மாட்டாளா?

இது தரிப்பிடம் இல்லை என்றார் சாரதி. தெரிந்த இத்தாலிய மொழியில் கெஞ்சிக் கூத்தாடி பஸ்ஸை நிறுத்தினான்.

"ஏறுங்கோ அக்கா. இந்த வெயிலுக்குள்ளை ஏன் நடக்கிறியள்?"

அவள் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டினாள், கையை வீசினாள், மலையைக் காட்டினாள். கூச்சப்படுகிறாளாக்கும் என்று இறங்கிப்போய்க் கையைப் பிடித்தான். உள்ளேயிருந்து ஒரு பருத்த இத்தாலியச் சிஞ்ஞோரா மற்றக் கையைப் பிடித்தாள். பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. இரண்டு பேருமாக இழுத்து ஏற்றியதும் கதவு மூடிக்கொண்டது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அவன் தன் சீற்றைக் கொடுத்தான். அவளுக்கும் சேர்த்து ரிக்கற் குத்தினான். அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று நினைத்து அவனுக்கும் கண் கலங்கியது. மூன்று மாதப் பாரம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

உச்சியில் எல்லோரும் கோயில் படிக்குப் போனார்கள். அவள் மட்டும் றோட்டைக் கடந்து, வந்த வழியே வெறுங்காலோடு இறங்கத் தொடங்கினாள். ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் ஓடினான்.

"அக்கா, கோயில் இஞ்சாலை."

அவள் நின்றாள். முதல் தடவையாக வாய் திறந்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனைச் சுட்டது.

"நாளைக்கு மகளுக்கு ஒப்பறேசன், தம்பி."

"அதுக்கு மேலை கோயிலுக்கெல்லே போகவேணும்?"

"ஓம். ஆனால் வாய் திறக்காமல் நடந்து ஏறுறதெண்டுதான் நேத்தி. திரும்ப அடியிலையிருந்து தொடங்கவேணும்."