மஞ்சள் துண்டு

சினிமா ரசனை வகுப்பு எடுக்கும் வாத்தியார், ஞாயிறு மத்தியானம் மனைவிக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். படத்தில் ஒரு தாய், இறந்துபோன மகனின் காலணிக்குத் தூக்கத்திலேயே எழுந்து பாலிஷ் போடுகிறாள். காலையில் அதைப் பார்த்து, மகன் வந்துவிட்டான் என்று பூரிக்கிறாள்.

அங்கே படத்தை நிறுத்தினார்.

“ஆசை நேரா வராதும்மா. கனவு மாதிரி வேஷம் போட்டுக்கிட்டுத்தான் வரும். மனசு கேக்குறதை அவ கையே செஞ்சு வைக்குது, அவளுக்குத் தெரியாமலே.”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “பாடமெல்லாம் எதுக்கு? சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாங்க.”

“நம்ம பாப்பா செத்துப்போய் ஒரு வருஷமாச்சு. அவ துண்டை ஏன் தினமும் நனைச்சு பாத்ரூம்ல போடுற? வாய்விட்டு அழுதுடும்மா.”

அவள் கை நின்றது.

“நானா? நீங்கதான் நனைக்கிறீங்கன்னு இருந்தேன். ஆம்பளைக்கு அழ வரலை, பாவம்னுதான் ஒண்ணும் கேக்காம தினமும் காயப்போட்டேன்.”

இருவரும் துணி அடுக்கைப் பார்த்தார்கள். வெயிலில் மொறமொறவென்று காய்ந்து வந்த மஞ்சள் துண்டு மேலே இருந்தது. அதிலிருந்து, அடியில் இருந்த அவருடைய வெள்ளைச் சட்டைக்கு ஈரம் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.