கதவுக்கு வைத்த ஸ்டாண்டு

காருக்கடியில் முட்டுக்கொடுக்க அவளுடைய தம்பி வாங்கித் தந்த இரும்பு ஸ்டாண்டை, புருஷன் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க வைத்திருந்தான். "பயந்தாங்கொள்ளிங்களுக்கு அது. எனக்கு ஜாக் போதும்" என்பான். பெரிய மேதாவி.

அன்று அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காருக்கடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் ஸ்பானர் எடுக்க வெளியே வந்த நேரம், ஜாக் எண்ணெய் கக்கிப் படுத்துவிட்டது. கார் மட்டும் இறங்கவில்லை.

"பாத்தியா, ஜாக்கே வேணாம்" என்று இளித்துக்கொண்டு மறுபடி நுழைந்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடியில் யாரோ மூச்சு வாங்கினார்கள். "வந்துட்டீங்களா சார்? வண்டியை இந்தப் பக்கம் தாங்கிப் பிடிங்க."

முன்பின் பார்த்திராத ஒருவர் மறுபக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார். தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே போய்விட்டார்.

"ஏய்" என்று புருஷன் அடியிலிருந்து முக்கினான். "அந்த ஸ்டாண்டை எடுத்துட்டு வா."

"அது பயந்தாங்கொள்ளிங்களுக்காச்சே" என்று அவள் அடுத்த துணியை உதறினாள்.