கை தட்டியவள்

“கையத் தட்டினது யாரு?”

பறவைக் குழுவின் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். சரணாலயத்தின் பலகைக் குடிலுக்குள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே, இலையுதிர் காலத்தில் மட்டும் வந்து தங்கிப் போகும் அந்த வெள்ளை நாரை, ஏரியைத் தாண்டிப் புள்ளியாகிக்கொண்டிருந்தது.

“நான்தாங்க,” என்றாள் தையற்காரம்மா.

“எதுக்கு?”

“கொசு...”

“இந்தக் குளிர்ல கொசுவா? அதுக்கு மூணு தட்டா?”

குழுவிலிருந்த பேங்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “இதைப் பார்க்கத்தானே வழக்கமான கரையை விட்டுட்டு இன்னைக்கு இந்தப் பக்கம் வந்தோம்? விடிஞ்சதுலேர்ந்து மூச்சு விடாம உட்கார்ந்திருக்கோம். அறிவு வேண்டாமா உங்களுக்கு?”

கணவன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை நடை ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் மிஷினே கதி. ஆசை ஆசையாக எல்லோருக்கும் காய்ந்த இலை நிறத்தில் தொப்பி தைத்துக் கொடுத்திருந்தாள். அதே தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் இப்போது அத்தனை பேரும் அவளை முறைத்தார்கள். இத்தனைக்கும், நாரை எப்போது வரும், எப்போது வரும் என்று தலைவரை நச்சரித்ததே அவள்தான்.

“அடுத்த வாரத்திலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா,” என்றார் தலைவர். “பைனாகுலரைக் குடுத்துடுங்க.”

அவளுக்கு ‘கொஞ்சம் கேளுங்களேன்’ என்று நாக்கு நுனி வரை வந்தது. எதிர்க்கரை நாணலை ஒரு தரம் பார்த்தாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தாள்.

“தப்புதாங்க. மன்னிச்சுடுங்க.”

வீட்டுக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். நூல் கோக்க முடியவில்லை. கண் கலங்கிக் கலங்கி ஊசித் துளையே தெரியவில்லை.

மதியம் பின்வாசல் வழியாக மகன் வந்தான். முழங்கால் வரை சேறு. மிச்சத் துணியில் அவள் தைத்துக் கொடுத்த காய்ந்த இலை நிறத் தொப்பியைக் கழற்றி எறிந்தான். சாக்கில் சுற்றியிருந்த துப்பாக்கியை மூலையில் சாத்தினான்.

“சே! நாரையைக் குறி வச்சாச்சும்மா. விரலை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. எவனோ ஒரு கிறுக்கன் கையத் தட்டிக் கெடுத்துட்டான்!”

“கிறுக்கன் இல்லடா, கிறுக்கி,” என்றாள் அவள். “அவ பெத்த பிள்ளைதான் நீ.”