டயரைக் கவிழ்த்தால்தான் வழி

"டயர் அத்தனையும் கவிழ்ற வரைக்கும் இந்தக் கழுதைத்தலை தின்னி வாசலைத் தாண்ட மாட்டான்!"

ஜெனபா ஜெர்போ, பஞ்சர் ஒட்டும் ரஸ்மனேயின் வீட்டு வாசலை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வாகடூகு நகரத்தின் அந்தச் சந்தில் கொசு ஒழிப்பு வேலை அவளுடையது. ஒரு கையில் டார்ச், மறு கையில் புழு அள்ளும் கரண்டி. அவளை நகர்த்த வேண்டுமென்றால் நாலு ஆள் வேண்டும். அந்த நாலு பேருக்கும் மறுநாள் இடுப்பு வலிக்கும்.

"அக்கா, வண்டி வந்து நிக்குது. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பணும்" என்றான் ரஸ்மனேயின் தம்பி சாலிஃபு.

"உங்கண்ணனுக்கு என்ன அவசரம்? ஒரு பஞ்சர் ஒட்ட நாலு நாள் இழுக்கிற ஆளுதானே!"

வெளியே கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே பாயில் கிடந்த ரஸ்மனே வாய் திறக்கவில்லை.

யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ரஸ்மனே குடும்பம் மோசி இனம், ஜெனபா சாமோ இனம். இரண்டுக்கும் பாட்டன் காலத்துக் கேலி முறை: மோசிக்காரன் கழுதைத்தலை தின்னி, சாமோக்காரி நாய்தின்னி. நல்லது கெட்டது எந்த நாளானாலும், என்ன திட்டினாலும் சிரிக்க வேண்டும். வழியை மறித்தால், கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும்.

சாலிஃபு, வெற்றிலை பாக்கு மாதிரி மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டையை ஒரு பிடி நீட்டினான். "இதுக்கே சாமோக்காரங்க வழிய விட்டுட்டு ஓடிடுவாங்களே. இல்ல, நாய்க்கறிதான் வேணும்னா நேரா கேளுங்கக்கா."

"நீயே மெல்லு! பன்னெண்டு வருஷமா வாராவாரம் வந்து தொண்டை கிழியக் கத்துறேன். உங்கண்ணன் என்ன சொல்வான்? 'போடி நாய்தின்னி, மழை நின்னுபோச்சு, கொசுவும் மூட்டை கட்டிடும்'னு! அட மண்டூகமே, கொட்டுற மழை புழுவை அடிச்சிக்கிட்டுப் போயிடும். நின்ன பிறகுதான் வினையே. டயருக்குள்ள தேங்கின தண்ணி, மேலே இந்த வெயில். எட்டே நாள்ல றெக்கை முளைச்சுக் கிளம்பிடும்!"

"அவர் தினமும் கொசுவலைக்குள்ளதானே படுத்தார்" என்றாள் ரஸ்மனேயின் மனைவி அசேதா, இடுப்பில் குழந்தையோடு.

"ராத்திரி வலைக்குள்ள! டெங்குக் கொசு பகல்லதானே கடிக்குது! பகல்ல உன் புருஷன் எங்கே? டயர் அடுக்குல சாய்ஞ்சு, வாயைப் பொளந்துக்கிட்டுத் தூக்கம். கொசுவே குறட்டைக்குப் பயந்துதான் கடிச்சிருக்கும்!"

அசேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு நாளில் முதல் சிரிப்பு.

"சிரி, சிரி. இந்தச் சந்துல ஏழு பிள்ளைங்க காய்ச்சல்ல கிடக்கு. எட்டாவது உன் இடுப்புல இருக்கணுமா?"

சிரிப்பு நின்றது. அசேதா குழந்தையை இறக்கிவிட்டு, முதல் டயரைத் தானே போய்ப் புரட்டினாள். சாலிஃபு அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்.

பக்கத்து வீட்டுக்காரர் நைசாக நழுவப் பார்த்தார். "எங்க வீட்டுல டயரே இல்லையே, ஜெனபா."

"தண்ணிப் பானை இருக்குல்ல? கவுத்து, உள்சுவரைத் தேய்ச்சுக் கழுவும். முட்டை ஒட்டிக்கிட்டு அடுத்த மழைக்குக் காத்துக்கிடக்கும், உம்ம மாமியார் மாதிரி!"

அரை மணி நேரத்தில் சந்து முழுவதும் தண்ணீர் ஓடியது. வெளுத்த அங்கி போட்டு வந்திருந்த பெரிய மனிதர்கள்கூட, ஆளுக்கொரு டயரோடு முழங்கால்வரை சேறாகி நின்றார்கள். கடைசி டயருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜெனபா எழுந்து ஒதுங்கினாள்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரே ஒரு நாள் என் பேச்சைக் கேட்டிருக்கே. சரி, கிளம்புடா கழுதைத்தலை தின்னி. வழி விட்டாச்சு."

நால்வர் உள்ளே போய், ஆறு நாள் டெங்குக் காய்ச்சலில் உயிர் அடங்கிப்போய் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டிருந்த ரஸ்மனேயைப் பாயோடு தூக்கிவந்து, இடுகாட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஜெனபா கரண்டியைப் பிடித்தபடி, 'போடி நாய்தின்னி' என்ற பதிலுக்காக, வண்டி சந்து முனையைத் தாண்டும்வரை காதைக் கொடுத்து நின்றாள்.