எவளும் வைத்துக்கொள்ளாத பெயர்

தூறலில், எங்கள் வேல்ஸ் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், குடைகூட இல்லாமல் நிற்கிறாள் எழுத்தாளர் ஹெலெத். செத்துப்போன என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ வைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நானும் நிற்கிறேன். அவள் நாவல் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. புருஷனையும் கைக்குழந்தையையும் விட்டு ஓடிப்போகிற கதாநாயகிக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஈரம் மின்னும், பெயர் பொறித்த ஸ்லேட் கற்களை விரலால் தடவித் தடவிப் படிக்கிறாள். "நெரிஸ்னு வைக்கட்டுமாக்கா?" "வையேன். கறிக்கடை நெரிஸ் அப்புறம் உனக்கு எலும்புகூடத் தர மாட்டா." "அங்கராத்?" "சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற அங்கராத் முகத்துல ஞாயித்துக்கிழமை எப்படி முழிப்பே?" செத்தவள் பெயரை உடனே ஒரு குழந்தைக்குப் போட்டுவிடுகிற ஊர் இது; கல்லில் இருக்கிற பெயரெல்லாம் கடைத்தெருவில் நடமாடுகிறது. "யாருமே வச்சுக்காத பேரு ஒண்ணுகூட இல்லையாக்கா?" ஒன்று இருக்கிறது. ஊர் வாயான எனக்கே சொல்ல நா எழவில்லை. மூக்கு நுனியில் மழைத்துளி தொங்க, அவள் என்னையே பார்க்கிறாள். "டெக்வென்," என்கிறாள் மெதுவாக. தன்னைத் தொட்டிலில் விட்டுவிட்டு அயர்லாந்துக் கப்பலேறிய அம்மாவின் பெயர். சொல்லிவிட்டு, கூப்பிட்ட குரலுக்கு யாரோ வரப்போவதுபோல், இரும்புக் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.