சேர்த்து வைத்த மாத்திரைகள்

“மாத்திரை நின்னா நான் மறுபடி தவழணுமாம்மா?” என்று ஆறு வயது இளவேனி ஒருநாள் கேட்டாள். அரிய தசைநோய்க்கான அந்த மருந்து கடையில் கிடைக்காது. ஆராய்ச்சியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஓராண்டுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மறுநாளிலிருந்து அம்மா செல்லக்கனி தினமும் கொடுக்க வேண்டிய இரண்டு மாத்திரைகளில் ஒன்றை ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்தாள்.

அடுத்த பரிசோதனையில் இரத்தத்தில் மருந்து பாதிதான் இருந்தது. செல்லக்கனி ஒளிக்காமல் பாட்டிலை மருத்துவரின் மேசைமேல் வைத்தாள்.

“நாடு முழுக்க முப்பது பிள்ளைங்களுக்குத்தான் இந்த நோய். என் ஆராய்ச்சியையே கெடுத்துட்டியேம்மா,” என்றார் மருத்துவர்.

“ஆராய்ச்சி முடிஞ்ச மறுநாள் எம்புள்ளைக்கு மாத்திரை தருவீங்களா சார்?”

“அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?”

“உங்களுக்குக் கணக்கு சரியா வரணும். எனக்கு அவ நடக்கணும். எம்மேல என்ன தப்பு?”

மருத்துவர் ‘ஒத்துழைக்காத தாய்’ என்று எழுதி, ஆராய்ச்சிப் பட்டியலில் பிள்ளையின் பெயரை அடித்தார். பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இதைச் செய்ய எத்தனை படிப்பு படிக்க வேண்டுமோ.

எல்லோரும் போனபின், அதுவரை அங்கேயே நின்றிருந்த செவிலி ரெஜினா கதவைச் சாத்திக்கொண்டு, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். ‘ஆராய்ச்சி முடிந்த பின்னும் மருந்து தொடரும் என்று தாய் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் உள்ளது. அந்தத் தாய் என்னிடம் மூன்று முறை அதைப் பற்றிக் கேட்டார். அவசரத்தில் நான் படித்துச் சொல்லவில்லை. தவறு என்னுடையது. பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.’

அடியில் தன் பெயரையும் பணி எண்ணையும் தெளிவாக எழுதினாள்.