இறக்க எதுவுமில்லை

அஸர் பாங்கு அடங்கிவிட்டது. சாய்ந்த வெயிலில், விசைப்பலகைமேல் படிந்த கடல்மணல் மினுங்குகிறது. கணினியின் இயங்குதளம் புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்க, ஸுஹைறா போனும் கையுமாகக் காத்திருக்கிறாள். கட்டாருக்குப் போகுமுன் அவள் கணவன் றஸ்மி தன் லெப்டொப்பைப் புதுப்பித்து, அதற்கென்று இறக்கிய கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். “இன்னொருக்கா டேட்டாவக் கரைக்கத் தேவல்ல புள்ள. எல்லாம் இதுக்குள்ள இரிக்கி.” அதைத்தான் இப்போது தன் கணினியில் செருகியிருக்கிறாள். வேலைநேரத்தில் சும்மா அழைத்தால் சினப்பான், கணினி சிக்கிக்கொண்டால் மட்டும் எவ்வளவு நேரமும் பொறுமையாகக் கதைப்பான். எங்காவது சிக்காதா என்று திரையையே பார்க்கிறாள். ‘இறக்க வேண்டியது எதுவுமில்லை’ என்கிறது அது. பச்சைப் பட்டை தடங்கலின்றி ஊர்ந்து நிறைகிறது. அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலை முடிந்துவிடுகிறது. “இஞ்சாருங்க,” என்கிறாள் ஸுஹைறா, அவனைக் கூப்பிடும் குரலில், திரையிடம்.